புள்ளியைப் பார்க்காதீங்க... ஆளைப் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 11 மணி. மறுநாள் காலையில் இன்டர்னல் எக்ஸாம். செமஸ்டர் முழுக்கத் தொடாத ஐந்து யூனிட்டையும் ஒரே ராத்திரியில் முடித்துவிடும் வீர சபதத்தோடு ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கதவு தட்டப்படுகிறது. பக்கத்து ரூம் ஃபர்ஸ்ட் இயர் பையன்.

"அண்ணா... இது என்னான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்று சட்டையைத் தூக்கிக் காட்டுகிறான். வயிறு, முதுகு, கை எல்லாம் பொடிப் பொடியாகப் புள்ளிகள்.

அவ்வளவுதான்! அடுத்த நிமிடமே மெடிக்கல் போர்டு கூடிவிடும். "சூடு மச்சி, ரெண்டு இளநீர் அடிச்சா சரியாயிடும்" என்பான் ஒருவன். "நேத்து மெஸ்ல போட்ட கத்தரிக்காய்தான்" என்பான் இன்னொருவன். "அம்மை மாதிரி இருக்கு, வேப்பிலை எடுத்துட்டு வாங்கடா" என்று மூன்றாவது குரல். நாலாவது ஆள் பையைத் துழாவி, பாதி பிதுக்கிய க்ரீம் ட்யூப் ஒன்றை நீட்டுவான். "எங்க மாமாவுக்கு மெடிக்கல் ஷாப்புல குடுத்தது. சூப்பரா கேட்கும்!"

"நாலு நாளா காய்ச்சல் இருந்துச்சுண்ணா. காலையிலதான் விட்டுச்சு" என்கிறான் பையன். "அப்புறம் என்னடா, போய்ப் படு!" எல்லோருக்கும் நிம்மதி. நீங்களும் மூன்றாவது யூனிட்டுக்குத் திரும்பிவிடுவீர்கள்.

லேடீஸ் ஹாஸ்டலிலும் இதே சீன்தான். 'அண்ணா'வுக்குப் பதில் 'அக்கா', க்ரீமுக்குப் பதில் கற்றாழை ஜெல். அவ்வளவுதான் வித்தியாசம்.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால், எல்லோரும் புள்ளியைத்தான் பார்த்தார்கள். ஆளைப் பார்க்கவில்லை. தோலில் வருவதை வைத்து 'டாக்டரிடம் போகணுமா, வேண்டாமா' என்று முடிவு செய்ய, அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்பது உதவாது. பார்க்கவே பயமாக இருக்கும் தடிப்பு விடிவதற்குள் காணாமல் போய்விடும். கடுகு சைஸில் நாலே நாலு புள்ளி ஆளையே சாய்த்துவிடும். கூடவே வேறு என்ன நடக்கிறது என்பதுதான் மேட்டர்.

அதைக் கண்டுபிடிக்க எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டாம். ஐந்து கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

கேள்வி 1: காய்ச்சல் இருக்கா... இருந்துச்சா?

காய்ச்சலோடு சேர்ந்து தோலில் ஏதாவது வந்தால், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். சின்னம்மை, தட்டம்மை, டெங்கு, உண்ணிக் காய்ச்சல் என்று லிஸ்ட் பெரிசு. இதில் எது என்பதை ரூம்மேட் முடிவு செய்ய முடியாது.

டெங்குவில் ஒரு கோக்குமாக்கு உண்டு. காய்ச்சல் அடிக்கும்போதை விட, காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். பொதுவாக மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் காய்ச்சல் விடும். சிலருக்கு அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் ரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசிய ஆரம்பிக்கும். தாங்க முடியாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், அசதி அல்லது இருப்புக் கொள்ளாத தவிப்பு... இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். காய்ச்சல், உடம்புவலிக்கு பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை போடாதீர்கள். ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக் கசிவை அதிகப்படுத்தும்.

உண்ணிக் காய்ச்சல் இன்னொரு வில்லன். புதர், புல்வெளியில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிப்பதால் வருவது. வேலூர் பக்கம் உட்பட தமிழ்நாட்டில் பல இடங்களில் இருக்கிறது. கடித்த இடத்தில், சிகரெட் சுட்ட மாதிரி வலியே இல்லாத ஒரு கறுப்புப் பொருக்கு தட்டியிருக்கும். அது பெரும்பாலும் அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு மாதிரி மறைவான இடத்தில்தான் இருக்கும். எல்லோருக்கும் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. சரியான சமயத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையே போதும். விட்டால் நுரையீரல், கிட்னி வரை போகும். டாக்டர் 'சட்டையைக் கழற்றுப்பா' என்றால் வெட்கப்படாமல் கழற்றுங்கள். என்.எஸ்.எஸ். கேம்ப், ட்ரெக்கிங் போய் வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி 2: அழுத்தினா மறையுதா?

இதற்கு ஒரு சின்ன டெஸ்ட் இருக்கிறது. கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டைப் புள்ளியின் மேல் வைத்து அழுத்துங்கள். (மெஸ் எவர்சில்வர் டம்ளர் வேலைக்கு ஆகாது!) ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிரான்ஸ்பரன்ட் ஸ்கேல் கூடப் போதும். அழுத்தும்போது நிறம் மறைந்தால், அது விரிந்த ரத்தக் குழாயின் சிவப்பு. மறையாமல் அப்படியே நின்றால், தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம்.

மறையாத புள்ளியோடு காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்தைக் குனிய முடியாத பிடிப்பு, குழப்பமான பேச்சு எதுவும் இருந்தால், 'விடியட்டும் பார்க்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. மூளைக் காய்ச்சல் கிருமி ரத்தத்தில் கலந்திருந்தால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிவிடும்.

ஒரு விஷயம். பாடப் புத்தகத்திலும் நெட்டிலும் இருக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களுடையவை. நம்ம கலரில் 'செக்கச் செவேல்' எல்லாம் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, ஊதாவாகவோ, வெறும் கருமையாகவோதான் தெரியும். அதனால் உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், உதட்டின் உட்புறம் ஆகியவற்றையும் பாருங்கள். அங்கே நன்றாகத் தெரியும். அழுத்தினால் மறைகிறது என்பதற்காக, மற்ற கேள்விகளை விட்டுவிடவும் கூடாது.

கேள்வி 3: மூச்சு, வாய், கண் எப்படி இருக்கு?

திடீரென்று உடம்பெல்லாம் கொசு கடித்த மாதிரி தடித்து, அரித்து, அலை அலையாய் எழும்புகிறதா? வீட்டில் பாட்டி 'காணாக்கடி' என்பாரே, அதுதான். பார்த்தால் பகீரென்று இருக்கும். ஆனால், ஒவ்வொரு தடிப்பும் ஒரு நாளுக்குள் அடங்கி, இன்னொரு இடத்தில் முளைக்கும். பெரும்பாலும் தானாகவே சரியாகும். காரணம்கூடப் பல நேரம் தெரியாது. பாவம், மெஸ் கத்தரிக்காய் மேல் வீண்பழி!

ஆனால் அதே தடிப்போடு உதடு, நாக்கு வீங்கினாலோ, குரல் கம்மினாலோ, மூச்சு இழுத்தாலோ, வாந்தி, தலைசுற்றல், மயக்கம் வந்தாலோ, அது உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. தெரிந்தவர் பைக் வரட்டும் என்று காத்திருக்காமல் 108-க்கு அடியுங்கள். தலைசுற்றினால் காலைத் தூக்கி வைத்துப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். 'நடந்தே போயிடலாம்' என்று மாடிப்படி இறங்க வைக்காதீர்கள்.

வாய், கண் விஷயம் வேறு. தோலில் வந்ததோடு வாய்க்குள் புண், கண் சிவந்து எரிச்சல், சிறுநீர் கழிக்கும் இடத்தில் புண், தோலைத் தொட்டாலே வலி, கொப்புளம், தோல் உரிதல் என்றால் அடுத்த கேள்விக்கு உடனே போங்கள்.

கேள்வி 4: புதுசா என்ன மாத்திரை போட்டீங்க?

'இன்னிக்கு என்ன சாப்பிட்டே?' என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். கேட்க வேண்டியது, 'போன ஒரு மாசத்துல என்ன மாத்திரை போட்டே?' என்பது. மருந்தால் வரும் மோசமான தோல் பாதிப்புகள் மாத்திரை போட்ட அன்றே வராது. ஒரு வாரத்திலிருந்து நாலு வாரம் வரை கழித்துக்கூட ஆரம்பிக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமஸிபின், சல்ஃபா வகை ஆன்டிபயாடிக், சில வலி மாத்திரைகள் ஆகியவற்றில் இது வரலாம். அபூர்வம்தான். ஆனால் வந்தால், தீக்காயம் பட்டவரைப் போல ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சந்தேகம் வந்தால் அடுத்த டோஸுக்கு முன்பே டாக்டர் முன்னால் நிற்க வேண்டும். கையில் அந்த மாத்திரை அட்டையோடு!

ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு மாத்திரை போட்ட பிறகு அதே இடத்தில், உதட்டிலோ கையிலோ, வட்டமாகக் கறுத்துப் போகிறதா? அதுவும் மருந்து அலர்ஜிதான். மாத்திரையின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். அந்த மாத்திரையை மறுபடி தொடாதீர்கள்.

கேள்வி 5: எவ்வளவு வேகமா பரவுது?

ஒரு காலில் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக, வலியோடு இருக்கிறதா? பேனா எடுத்து ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள், நேரத்தையும் எழுதுங்கள். கோடு போட்டாச்சு என்று காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று அந்தக் கோடு அவருக்குச் சொல்லும். ஒரு சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தோலில் தெரிவதை விட வலி பல மடங்கு இருந்தாலோ ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக, எரிச்சலோடு கொப்புளம் கிளம்பினால் அது அக்கியாக இருக்கலாம். சின்னம்மைக் கிருமி நரம்பில் பதுங்கி இருந்து திரும்ப வருவது. ஊரில் காவி எடுத்து எழுதுவார்கள். எழுதிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் மருந்து மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். கண் பக்கம் வந்திருந்தால் அன்றைக்கே!

சின்னம்மையும் அப்படித்தான். குழந்தைகளை விட நம் வயசுக்காரர்களை அது கொஞ்சம் ஓவராகவே படுத்தும். வேப்பிலையில் படுப்பதும் டாக்டரைப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. மருந்தை முதல் 24 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை கிளாஸுக்குப் போகாதீர்கள். அட்டெண்டன்ஸை விட, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணி முக்கியம்.

அவசரம் இல்லை... ஆனா அலட்சியமும் வேண்டாம்!

ஐந்து கேள்வியிலும் ஆபத்து எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டதா? மூன்றாவது யூனிட் படிக்கலாம். ஆனால் சில விஷயங்களை இந்த வாரத்துக்குள் காட்டிவிட வேண்டும்.

ராத்திரி ஆனால் விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி அரித்துத் தள்ளுகிறதா? ரூம்மேட்டும் சொறிகிறானா? சிரங்காக இருக்கலாம். ஒருவர் மட்டும் மருந்து போட்டால் பலனே இல்லை. ரூமில் எல்லோரும் ஒரே ராத்திரியில் போட வேண்டும். துணி, போர்வையைச் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும்.

வெளிறிய ஒரு படை. அரிப்பு இல்லை, வலி இல்லை, கிள்ளினால்கூடத் தெரியவில்லை. இதை 'தேமல்' என்று விட்டுவிடாதீர்கள். தொழுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கூட்டு மருந்து இலவசம். சீக்கிரம் ஆரம்பித்தால் எந்த ஊனமும் இல்லாமல் குணமாகிவிடும்.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிக்காத புள்ளிகள் வந்திருந்தால், அது பால்வினை நோயான சிஃபிலிஸாகவும் இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பெனிசிலின் ஊசியில் குணமாகிவிடும். அட்வைஸ் மழைக்குப் பயந்து மறைத்தால்தான் வினை.

அந்த க்ரீமைத் தூரப் போடுங்க!

நாலாவது நண்பன் நீட்டினானே ஒரு ட்யூப், அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். ஜீன்ஸைத் துவைக்காமல் வாரக் கணக்கில் போடும் சங்கத்தின் ஆயுள்கால உறுப்பினர்களுக்கு வருவது தொடையிடுக்கில் படர்தாமரை. மெடிக்கல் ஷாப்பில் வெட்கப்பட்டுக்கொண்டே 'அரிப்புக்கு ஒரு க்ரீம்' என்றால், பல நேரம் கிடைப்பது ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் கலந்த கலவை. போட்ட ரெண்டே நாளில் அரிப்பு அடங்கும். 'ஆஹா!' என்போம். அடங்கியது அரிப்பு மட்டும்தான். பூஞ்சை உள்ளே ஜாலியாக வளரும். நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பும். மறுபடி க்ரீம், மறுபடி அரிப்பு... அரியர் மாதிரி முடிவே இருக்காது. தோல் மெலிந்து, தொடையில் நிரந்தரமாகக் கோடுகள் விழும்.

க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ட்யூபில் எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. 2018-ல் மத்திய அரசு இந்த வகை மேல்பூச்சு ஸ்டீராய்டுகளை, டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலுக்குக் கொண்டுவந்தது. 'முகம் வெள்ளையாகும்' என்று இதையே ஃபேஸ் க்ரீமாகப் பூசி, பருவும் சிவப்புமாக முகத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் நம் கேம்பஸிலேயே இருக்கிறார்கள்.

இதுக்கெல்லாம் டென்ஷன் வேண்டாம்

வெயில் காலத்து வியர்க்குரு. மார்பிலும் முதுகிலும் வரும் தேமல். வாட்ச் பட்டை, ஜீன்ஸ் பட்டன் பட்ட இடத்தில் மட்டும் வரும் அரிப்பு. மழைக்காலத்தில் ட்யூப்லைட்டைத் தேடி வருமே, கறுப்பும் ஆரஞ்சுமாக எறும்பு போல ஒரு வண்டு, அது கழுத்தில் நசுங்கினால் மறுநாள் கோடு இழுத்தது போல ஒரு எரிச்சல். அடுத்த முறை அடிக்காமல் ஊதிவிட்டு, சோப்பு போட்டுக் கழுவுங்கள். முதலில் ஒரு பெரிய படை, ஒன்றிரண்டு வாரத்தில் முதுகெல்லாம் சின்னச் சின்னப் படைகள் என்று பீதியைக் கிளப்பிவிட்டு, ஒன்றரை, இரண்டு மாதத்தில் தானாகப் போகும் வகையும் உண்டு. கண் பக்கம் வந்தால், சீழ் வைத்தால், இரண்டு வாரமாகியும் குறையாவிட்டால் மட்டும் காட்டுங்கள்.

வெட்கமா... உயிரா?

பல கேஸ் டாக்டரிடம் லேட்டாகப் போவதற்குக் காரணம் பணமில்லை. கூச்சம். 'அங்கே' வந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஃப்ரெண்ட்ஸ் கலாய்ப்பார்களே? வீட்டில் தப்பாக நினைப்பார்களே? தோல் டாக்டருக்கு தினமும் பார்ப்பதுதான். அவருக்கு நீங்கள் அன்றைய முப்பதாவது கேஸ், அவ்வளவே! மாணவிகள் 'லேடி டாக்டர் வேணும்' என்றோ, 'ஃப்ரெண்ட் கூட இருக்கட்டும்' என்றோ கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்க்குத் தனி ஓ.பி. இருக்கிறது. எங்கே போவதென்று குழப்பமாக இருந்தால் 104-க்குப் பேசலாம்.

இப்போ அந்த ஃபர்ஸ்ட் இயர் பையனிடம் திரும்பப் போகலாம். கதவைத் தட்டிவிட்டு இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறான்.

நோட்டை மூடிவிட்டு, இப்போது கேளுங்கள். காய்ச்சல்? நாலு நாள் இருந்து இன்று காலை விட்டது. ஸ்கேலை வைத்து அழுத்துங்கள். புள்ளி மறையவில்லை. வேறு என்ன பண்ணுது தம்பி? "வயிறு ரொம்ப வலிக்குதுண்ணா. சாயங்காலத்துலேருந்து மூணு தடவை வாந்தி."

காய்ச்சல் விட்டதுதான் நல்ல செய்தி என்று நினைத்தோமே, அதுதான் மணி அடிக்கும் நேரம். இளநீர், வேப்பிலை, க்ரீம் எதுவும் வேண்டாம். வார்டனை எழுப்புங்கள். திட்டுவார், திட்டட்டும். வண்டியைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அவனுடைய அம்மாவுக்கு நீங்களே போன் போட்டு நிதானமாகச் சொல்லுங்கள்.

இன்டர்னலில் மார்க் போகும்தான். ரீ-டெஸ்ட் எழுதிக்கொள்ளலாம். 'அண்ணா' என்று நம்பி வந்து நின்றவனுக்கு ரீ-டெஸ்ட் கிடையாது பாஸ்!

கிளம்புறதுக்கு முன்னாடி...

* தோலில் வந்ததை வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். காணாக்கடி டாக்டர் ரூமுக்குள் போவதற்குள் மறைந்துவிடும்!

* எப்போது, எந்த இடத்தில் ஆரம்பித்தது, காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று ஒரு துண்டுப் பேப்பரில் எழுதுங்கள்.

* ஒரு மாசத்தில் போட்ட மாத்திரை அட்டை, பூசிய க்ரீம் ட்யூப், சித்த மருந்து, புரோட்டீன் பவுடர் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

* மஞ்சள், சுண்ணாம்பு, பேஸ்ட் எதையும் பூசிக்கொண்டு போகாதீர்கள். டாக்டருக்குத் தோல் தெரிய வேண்டும்.

* ரூமில் வேறு யாருக்காவது இதே போல இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

* மேலே சொன்ன ஆபத்து அறிகுறி ஏதாவது இருந்தால் இந்த லிஸ்ட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஆளைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்!